தொரைக்குக் கண்ணாடி காட்டுற நேரம்

வாங்க, வாங்க. சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கீங்க. நைட்டியைப் பாத்து மிரண்டு திரும்பிடாதீங்க. மீசை இருக்கு பாருங்க, ஆம்பளதான். இது என் வீட்டுக்காரி நைட்டி. தோள்ல கிடக்கிறதும் அவ துண்டுதான். ஏன் போட்டிருக்கேன்னு சொல்றேன், சொல்லாம விடமாட்டேன். முதல்ல கதவைச் சாத்துங்க. எதிர்வீட்டு அம்மா ஒருதடவை என்னை இந்தக் கோலத்துல பாத்துருச்சு. அன்னையிலருந்து பேரப்பிள்ளைகளை எங்க வாசப் பக்கம் விளையாட விடுறதில்ல.

மீனுக்குத்தானே வந்தீங்க? மீன் கடை ரபீக் அனுப்பின ஆளுதானே? இருங்க, நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம், மூஞ்சியிலேயே தெரியுது. ஒரு நல்ல ஆளா அனுப்புன்னு நேத்துத்தான் அவன்கிட்டச் சொன்னேன். உக்காருங்க. கட்டில்லயே உக்காருங்க. சோபாவை மாடிக்கு ஏத்தியாச்சு, தொட்டிக்கு இடம் பத்தல. கட்டில் ஏன் இங்க கிடக்குன்னா, நான் இங்கதான் படுக்கிறது. மோட்டார் சத்தம் மாறுதான்னு யாராவது கேட்டுக்கிட்டு இருக்கணும்ல.

இவன்தான். பாத்துக்கங்க.

பேச்சு வரல பாத்தீங்களா. எல்லாருக்கும் அப்படித்தான். இந்தச் செவப்பை வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா? மண்டையைப் பாருங்க, உள்ள ஒரு எலுமிச்சம்பழத்தை வச்சுத் தச்ச மாதிரி. உடம்பு பூரா நீலமும் வெள்ளையுமா பொட்டுப் பொட்டா, சுங்குடிச் சேலை தோத்துப்போகும். இடது பக்கச் செவுளுக்குக் கீழ ஒரு பொட்டு மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கும். அது போன ஆடியில வந்தது. பிளவர்ஹார்ன்னு இங்கிலீஷ்ல பேரு. என் வீட்டுக்காரி ‘தொரை’ம்பா. நான் ‘மண்டையா’ம்பேன். விரலை வைக்காதீங்க. கரண்டுக் கணக்கெடுக்க வந்தவர் இப்படித்தான் கண்ணாடியில விரல் வச்சுக் கொஞ்சினார். இவன் உள்ளயிருந்து முட்டின முட்டுல மனுஷன் மீட்டரைப் பாக்காமலே போயிட்டார்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். எனக்கும் இவனுக்கும் ஆகாது. இது முழுக்க முழுக்க அவ மீன். நான் இவன் பக்கமே போகமாட்டேன். காலையில எந்திரிச்சதும் மோட்டார் ஓடுதான்னு பாப்பேன், தண்ணிச் சூடு பாப்பேன், கசடை உறிஞ்சி எடுப்பேன், வாராவாரம் பாதித் தண்ணி மாத்துவேன், கூழாங்கல்லை வெயில்ல காயவச்சுப் போடுவேன். அம்புட்டுத்தான். மத்தபடி நமக்கென்ன.

கதை எங்க ஆரம்பிச்சுதுன்னா, என் பிரஷர்ல. நான் பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியார். பி.டி. மாஸ்டர் சொக்கலிங்கம்னா தெப்பக்குளம் வரைக்கும் தெரியும். முப்பது வருஷம் மைதானத்துல கத்தின தொண்டை. ரிட்டயர் ஆனதும் கத்துறதுக்கு ஆள் இல்ல. வீட்ல அவ ஒருத்திதான், மங்கையர்க்கரசி. டம்ளரை வரிசையா வைன்னு கத்தினேன். செருப்பை நேரா விடுன்னு கத்தினேன். அவ பேசாம என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டா. அவர், வீட்ல மீன் தொட்டி வைங்க, பாத்துக்கிட்டே இருந்தா பிரஷர் இறங்கும்னார். சின்னதா நாலு தங்கமீன் நீந்தும்னு நெனச்சுச் சொல்லியிருப்பார் பாவம். இவ போய் ரபீக் கடையில, நல்ல நெறமா ஒண்ணு குடுங்கன்னு கேட்டிருக்கா. அவன் கட்டைவிரல் அளவுல இவனைக் குடுத்துட்டான். துணைக்கு நாலு குட்டி மீன் விட்டோம். மறுநாள் காலையில பாத்தா இவன் மட்டும் இருக்கான். மத்ததெல்லாம் எங்கடான்னா, ஒண்ணுந்தெரியாத பிள்ளையாட்டம் முழிக்கிறான்.

பிரஷர் இறங்குச்சான்னு கேட்டா, இறங்குச்சு. அது மாத்திரையால.

இவனுக்கு இறால் குடுத்தா நெறம் ஏறும்னு ரபீக் ஒரு வார்த்தை சொல்லிட்டான். நாங்க சைவம். வீட்ல முட்டை கூட ஏறினதில்ல. இருந்தாலும் ஒரு உசுரை வளக்குறோம், குறை வைக்கலாமா? நெல்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு நான்தான் போனேன். பையில கீழ இறால், மேல கருவேப்பிலை. ஒருநாள் எங்க பெரியப்பா மகன், கோயில்ல தேவாரம் பாடுறவர், வழியில பிடிச்சுக்கிட்டார். பை சொட்டுது. என்னடா சொக்கு வாடைன்னார். மீனுக்குண்ணேன்னேன். எல்லாரும் அப்படிச் சொல்லித்தான் ஆரம்பிப்பாங்கன்னுட்டுப் போயிட்டார். அன்னையிலருந்து எங்க வீட்ல தண்ணி குடிக்கிறதில்ல.

இறாலை உரிக்கிறது அவ. நான் முயற்சி பண்ணினேன், குமட்டிக்கிட்டு வந்துருச்சு. அவ கொல்லையில உக்காந்து மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு உரிப்பா. உரிச்சுக் கையால ஊட்டுவா. சார், முப்பத்தோரு வருஷம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணமாகி. எனக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டிருப்பாளா? இவன் வாயைப் பொளந்துக்கிட்டு மேல வருவான், அவ இறாலை வச்சுட்டு, தின்னுடா தொரைம்பா. நான் பக்கத்துல உப்புமாவோட உக்காந்திருப்பேன். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

சரி, இந்தக் கண்ணாடி விஷயம் உங்களுக்குத் தெரியுமா? வாங்கப்போறவர், தெரிஞ்சுக்கணும். இது சண்டைக்கார இனம். கண்ணாடியைக் காட்டினா, எதிர்ல எதிரி நிக்கிறான்னு நெனச்சு செவுளை விரிச்சு, வாலை விசிறி, மோத வருவான். கோவம் வர வரத்தான் மண்டை வளரும். தினம் கொஞ்ச நேரம் காட்டணும். ஆரம்பத்துல என் சவரக் கண்ணாடியைக் காட்டினேன். அது பத்தல, பாதி மீன்தான் தெரியுது. பாதி எதிரியைப் பாத்து எவனுக்குக் கோவம் வரும்? அவ அறையில ஒரு கண்ணாடி தொங்குச்சு, தேக்குச் சட்டம் போட்டது, அவ அப்பா சீரோட குடுத்தது. அதைக் கழட்டிக் கொண்டாந்து இந்தா, இப்படித் தொட்டி ஓரத்துல மாட்டிட்டேன். மேல ஒரு திரை. நேரமானா திரையைத் தூக்குறது. அவகிட்டச் சொல்லிட்டுத்தான் எடுத்தேன். அதாவது எடுத்துட்டுச் சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. சம்மதம்னுதானே அர்த்தம்.

விசிலும் பழக்கிட்டேன். ஒரு ஊதல்னா இடது மூலை, ரெண்டு ஊதல்னா வலது மூலை. இருங்க காட்டுறேன்... பாத்தீங்களா? திரும்பினதுல ஒரு கம்பீரம் இருக்கா? முப்பது வருஷத்துல எட்டாம் வகுப்பு பி பிரிவு இப்படித் திரும்பினதில்ல சார். அதுக்காக இவன்மேல எனக்குப் பாசம்னு நெனச்சிடாதீங்க. ஒழுங்குன்னா எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடி வந்ததுக்கப்புறம்தான் இவ கூத்து பெருசாச்சு. காலையில குளிச்சதும் நைட்டியோட, தோள்ல துண்டோட, கையில குங்குமச் சிமிழோட தொட்டி முன்னால வந்து நிப்பா. நெத்தியில பொட்டு வச்சுக்கிட்டே தலையை அங்கிட்டுச் சாய்ப்பா, இங்கிட்டுச் சாய்ப்பா, குனிவா, நிமிருவா, கண்ணெடுக்காம இவனையே பாப்பா. இவனும் சரியா வந்து அவ மூஞ்சிக்கு நேர நிப்பான். ஏதோ பொண்ணு பாக்க வந்த மாதிரி ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்கும். நான் கட்டில்ல படுத்தபடி இந்தக் கண்றாவியைத் தினம் பாப்பேன். அவ அறையில நின்னு பொட்டு வைக்கிறவ, மீன் முன்னால வந்து வைக்கிறா. அம்புட்டு மோகம்.

இப்ப ஊர்ல இல்ல அவ. பரமக்குடியில அவ அக்கா பேரனுக்குக் காதுகுத்து, போயிருக்கா. நானும் போகவேண்டியதுதான். நான் போயிட்டா இவனுக்குத் தண்ணி யார் மாத்துறது? கிளம்புற அன்னைக்குப் புதுப் பட்டு கட்டிக்கிட்டு வந்து எதிர்ல நின்னா. எப்படிங்க இருக்குன்னா. சரியா அது இவனுக்குக் கண்ணாடி காட்டுற நேரம். அப்பத்தான் செவுளை விரிச்சிருக்கான், மண்டை மினுங்குது. மங்கை, மறைக்குது, கொஞ்சம் தள்ளுன்னேன். தள்ளினா. தள்ளித் தள்ளிப் பரமக்குடிக்கே போயிட்டா. ரெண்டு நாள்ல வர்றேன்னவ, பத்து நாளாச்சு, வரல. அக்கா வீட்டுக் குழம்பு ருசியாத்தான் இருக்கும்.

அவ போன மறுநாள் இவன் சாப்பிடல. அதுக்கு மறுநாள் மல்லாக்க இல்ல, ஒருக்களிச்சுக் கல்மேல படுத்துட்டான். பிணம்னே நெனச்சேன். ரபீக்குக்குப் போன் போட்டா, கோவத்துல இருக்கான் சார், இந்த இனம் அப்படிப் படுக்கும், பழகின ஆளைத் தேடுதுங்கிறான். விசில் ஊதினேன், அசையல. இறாலை நானே உரிச்சேன் சார், கண்ணை மூடிக்கிட்டு. நீட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கிறான். அப்பப் பாத்து, கொல்லைக் கொடியில காஞ்ச அவ நைட்டி காத்துல ஆடிச்சு. சன்னல் வழியா அது தெரிஞ்சதும் இவன் பொசுக்குனு எந்திரிச்சான். எனக்குப் பொறி தட்டுச்சு. எடுத்து மாட்டினேன். துண்டையும் போட்டேன். மேல வந்து வாயைப் பொளக்கிறான். மீசையெல்லாம் அவனுக்குக் கணக்கில்ல. அன்னையிலருந்து சாப்பாட்டு வேளைக்கு இந்த வேஷம்தான். உள்ள வேட்டி கட்டியிருக்கேன், தப்பா நெனக்காதீங்க.

அவளுக்குத் தினம் போன் பண்ணிடுவேன். அதுல நான் தவறமாட்டேன். இன்னைக்கு ரெண்டு இறால் தின்னான், மண்டை ஒரு சுத்து இறங்கியிருக்கு, பின்பக்கம் வெள்ளையாப் போறான்னு ஒண்ணுவிடாமச் சொல்லுவேன். ‘ம்’பா. ‘வேற?’ன்னு கேப்பா. வேற என்ன, எல்லாத்தையும்தான் சொல்லியாச்சே. வேற ஒண்ணுமில்லம்பேன். வச்சிடுவா. முந்தாநாள் அதுவும் இல்ல, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், பாதியில வச்சிட்டா. கல்நெஞ்சு. வளத்த பாசம் கூட இல்ல.

அப்பத்தான் முடிவு பண்ணினேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அவ இல்லாம வீடு நல்லால்ல. காப்பி நான் போட்டா காப்பி மாதிரியே இல்ல. டம்ளரெல்லாம் நான் வச்சபடி வரிசையா இருக்கு, அதைப் பாத்தா அழுகை வருது. இவன் இருக்கிறவரைக்கும் அவளுக்கு நான் கண்ணுல பட மாட்டேன். இவனை அனுப்பிட்டா, ரெண்டு நாள் அழுவா. அப்புறம் திரும்பிப் பாத்தா மிச்சம் நான் ஒருத்தன்தானே இருப்பேன். அதுக்குத்தான் விக்கிறேன். புரியுதா? எனக்கு என் பொண்டாட்டி வேணும் சார்.

சரி, உங்களைப் பத்திச் சொல்லுங்க. சும்மா தூக்கிக் குடுத்துடமாட்டேன். தொட்டி எங்க வைப்பீங்க? வெயில் படுமா? குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்துவீங்களா? ஊத்தினா இப்பவே எந்திரிச்சுப் போயிடுங்க. வீட்ல விசில் ஊதத் தெரிஞ்சவங்க இருக்காங்களா? என்ன, ஓட்டல்லயா வைக்கப்போறீங்க? கல்லா பக்கத்துலயா? ராசியான மீன்னா? என்ன ஓட்டல்? பரோட்டாக் கடையா. மீன் வறுவல் போடுவீங்களா? இவன் கண்ணு முன்னாலயா? சார், உங்களுக்கு நெஞ்சுல ஈரமிருக்கா?

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. பேரென்ன? மலைச்சாமியா. எந்தப் பள்ளிக்கூடம்? அட, நம்ம பள்ளிக்கூடம். எந்த வருஷம்? கோ-கோ டீம்ல, விசில் அடிக்கிறதுக்கு முன்னால ஓடி ஓடி அவுட் ஆவானே ஒரு மலைச்சாமி, அவனாடா நீ? வெயில்ல மூணு சுத்து ஓடவிட்டேனே. அதான் வந்ததுலருந்து கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கியா. வாசல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? என்னைப் பேசவிட்டாத்தானேன்னு முணுமுணுக்காத.

போன் அடிக்குது பாரு உனக்கு. எடு. யாரு, மீன் விஷயமா? அப்ப ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்குறேன். என்ன தயங்குற? போடுடா.

...

இது மங்கை குரலாச்சே.

சத்தம் போடாத. பேசட்டும்.

...

மங்கை. நான்தான். இல்ல, அவன் மேல தப்பில்ல. நான்தான் ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன். இல்ல, கத்தல. கத்தல மங்கை, நீ சொல்லு. சொல்லி முடி.

...

கேட்டியாடா மலைச்சாமி? ரபீக் உன்னை அனுப்பவே இல்ல. அவ அனுப்பியிருக்கா. உன் மாமியார் வீடு பரமக்குடியில இவ அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடாம். மீனைத் தூக்கிட்டுப் போயிடுங்க தம்பி, அவர் சண்டைக்கு வந்தா நான் சொன்னேன்னு சொல்லுங்கன்னு உன்னை அனுப்பியிருக்கா. இவ மீனை இவளே விக்கிறா. என்ன சொன்னா, கேட்டேல்ல? ‘அது என்னைக்கு என் மீனா இருந்துச்சு’ன்னா.

‘பொட்டு வைக்க வீட்ல ஒழுங்கா ஒரு கண்ணாடி இல்ல. தொட்டிக் கண்ணாடியில மூஞ்சி தெரியுதான்னு தினம் அது முன்னால நின்னு தேடுறேன். நெத்தியைப் பாக்கப் போனா அது வந்து மறைக்குது. ஏதாவது போட்டாத்தான் விலகும்னு தீனி போட்டேன்’னு சொல்றாடா. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு மோகம்னு நெனச்சேன். ‘இறால் உரிச்ச கையோட சாமி விளக்கைத் தொடக் கூசுது, நீங்க ஆசையா வளக்குறீங்களேன்னுதான் பொறுத்துக்கிட்டேன்’ங்கிறா. நீங்க. என்னைச் சொல்றா. நான் ஆசையா வளக்குறேனாம்.

‘பத்து நாளா போன் பண்றீங்க, எப்ப வர்றேன்னு ஒரு நாள் கேட்டீங்களா’ன்னா. வேற வேறன்னு அவ கேட்டதெல்லாம் இதுக்குத்தானா? நான் மீனுக்கு வேற என்னன்னு கேக்குறான்னு நெனச்சேன்.

டேய், ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. அவ பேசிக்கிட்டிருக்கும்போது, அந்தப் பொட்டை அவ எங்க வைப்பா, புருவத்துக்கு நடுவுலயா, கொஞ்சம் மேலயா, பெருசா, சின்னதான்னு யோசிச்சுப் பாத்தேன். வரமாட்டேங்குது. இவன் உடம்புல இருக்கிற ஒவ்வொரு பொட்டும் வருது. எது போன ஆடியில வந்துச்சுன்னு கூட வருது. அவ நெத்தி வரமாட்டேங்குது.

கடைசியில, தொரை சாப்பிட்டானான்னு அவளாத்தான் கேட்டா. எனக்கு இறால் கணக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டு, நீ சாப்பிட்டியான்னு கேட்டேன். போன் கட்டாயிருச்சுன்னே நெனச்சேன். அப்புறம்தானே, ‘இன்னும் இல்ல’ன்னா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு, கவனிச்சியா? அது கோவம் இல்லையே? நீ கல்யாணமானவன், சொல்லு. கோவம் இல்லேல்ல?

எந்திரி. இந்தக் கண்ணாடியை அந்தப் பக்கம் பிடி. மெதுவா, தேக்குச் சட்டம், அவ அப்பா குடுத்தது. மண்டையா, முறைக்காத, இன்னைக்குச் சண்டை கிடையாது. அந்தப் போர்வையை எடுத்துச் சுத்து. இன்னொரு சுத்து. விரகனூர்ல போய் நின்னா பரமக்குடி பஸ் கிடைக்கும். மடியில வச்சுக்கிட்டே போயிடுவேன். அவ கையில குடுத்து, எதிர்ல நின்னு, எப்படி இருக்குன்னு அவ கேக்குறதுக்கு முன்னால சொல்லிடுவேன். என்ன சொல்றதுன்னு பஸ்ல யோசிச்சுக்கிறேன்.

நீ எங்கடா கிளம்புற? மீன் விக்கிறதா இல்லையான்னு அவகிட்டக் கேட்டுத்தான் சொல்லுவேன். இனிமே எதுன்னாலும் அவகிட்டக் கேட்டுத்தான். அதுவரைக்கும் இவனை யார் பாக்குறது? நான்தான் உன் வாத்தியார், எதிர்த்துப் பேசாத. பரோட்டாக் கடையை ஒரு நாள் யாரையாவது பாத்துக்கச் சொல்லு. இறால் பிரிட்ஜ்ல இருக்கு, டப்பாமேல ‘ஊறுகாய்’னு எழுதியிருக்கும், பயப்படாத. விசில் இந்தா, கழுத்துல போட்டுக்க. ஒரு ஊதல் இடது, ரெண்டு ஊதல் வலது.

இந்தா, நைட்டி. கையைத் தூக்கு, தலை வழியா வரட்டும். உனக்குக் கச்சிதமா இருக்குடா, எனக்குத்தான் தோள்ல பிடிச்சுச்சு. துண்டு இடது தோள்ல. எதிர்வீட்டு அம்மா பாத்தா சிரிச்சு வை. இவன் கொஞ்ச நேரத்துல திரையைப் பாத்து நின்னுக்கிட்டு கண்ணாடி கேப்பான். அதோட சொந்தக்காரிகிட்டப் போயிருக்குன்னு சொல்லு.